படம் இருக்கிறது, அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எகிப்து, சுமேரியா, சிந்துவெளி, கிரேக்கம், ரோம் என்று பழைய நாகரிகங்களின் கட்டடங்களையும் சிற்பங்களையும் படங்களோடு விளக்கும் புத்தகங்களைக் குமரி மாவட்டத்தில் பள்ளிகளும் கிளை நூலகங்களும் வாங்குகின்றன. பெற்றோரும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். வழவழப்பான தாள், பல வண்ண அச்சு, அதற்கேற்ற விலை. ஆனால் இவற்றில் பலவற்றைப் புரட்டினால் அளவுகோல் கிடையாது, கட்டடத்தின் அமைப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் தரைப்படம் கிடையாது, அதை வெட்டி உள்ளே காட்டும் குறுக்குவெட்டுப் படம் கிடையாது. இவை மூன்றும் இல்லாத கட்டடக்கலைப் புத்தகம் வெறும் ஆல்பம்தான். வாங்குவோரும் பதிப்பிப்போரும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண் சிலையை எடுத்துக்கொள்வோம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வெண்கலச் சிலையின் உயரம் 10.5 செ.மீ. புதுப் பென்சிலைவிடக் குட்டை. புத்தகத்தில் அதை முழுப் பக்கத்துக்கு, 25 செ.மீ. உயரத்தில் அச்சிடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் அபு சிம்பல் கோயில் வாசலில் அமர்ந்திருக்கும் இராம்சேஸ் மன்னனின் சிலை. அது சுமார் 20 மீட்டர். அதுவும் அதே 25 செ.மீ. ஒன்று ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகியிருக்கிறது, மற்றொன்று 80 மடங்கு சுருங்கியிருக்கிறது. படத்தின் அடியில் ஒரு சொல்லும் இல்லையென்றால் படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒரே அளவாகத்தான் மனத்தில் வைத்துக்கொள்ளும். சிந்துவெளியின் 'பூசாரி அரசன்' சிலை 17.5 செ.மீ., எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை ஏறத்தாழ அரை மீட்டர், பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டக்கல் 2.25 மீட்டர். இந்த எண்களை அச்சிட அரை வரி போதும்.

அளவு தருகிற புத்தகங்களிலும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. மூல வரைபடம் ஏ3 தாளில் 1:200 என்ற விகிதத்தில் இருக்கும். புத்தகத்துக்காக அதை ஏ5 அளவுக்குச் சுருக்குவார்கள். நீளமும் அகலமும் பாதியாகிவிடுவதால் உண்மை விகிதம் இப்போது 1:400. ஆனால் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த '1:200' என்ற எழுத்து அப்படியே நிற்கும். ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு எல்லாமே பாதி அளவில் கிடைக்கும். விகிதத்தை எண்ணால் எழுதாமல் 5 மீட்டர், 10 மீட்டர் என்று பிரித்த கோடாக வரைந்திருந்தால் படம் சுருங்கும்போது கோடும் சேர்ந்து சுருங்கும். பிழை வர வழியே இல்லை. எனவே வாங்கும்முன் தரைப்படங்களில் இந்த அளவுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வடக்குத் திசை அம்பும் வேண்டும். திசை தெரியாமல் கோயில் எப்பக்கம் பார்க்கிறது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்று எப்படிச் சொல்வது?

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நல்ல அளவுகோல்கள் கண்ணெதிரே நிற்கின்றன. கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடம் 38 அடி, உருவம் 95 அடி, ஆக 133 அடி, மீட்டரில் 40.5. விவேகானந்தர் பாறையிலிருந்து அங்கே போகும் கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுசீந்திரம் ராஜகோபுரம் 134 அடி. இப்போது கிசாவில் இருக்கும் கூஃபு மன்னனின் பிரமிடை எடுங்கள். கட்டி முடித்தபோது உயரம் சுமார் 146.6 மீட்டர், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். மூன்று கண்ணாடிப் பாலங்களை நுனியோடு நுனி வைத்தால் ஒரு பக்கம். வள்ளுவர் சிலையை மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் அடுக்கினால் உயரம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலில் தரையிலிருந்து கூரை நடுவிலுள்ள திறப்பு வரை 43.3 மீட்டர், குவிமாடத்தின் விட்டமும் அதே 43.3. சுசீந்திரம் கோபுரத்தை உள்ளே கொண்டுபோய் நடுவில் நிறுத்தினால் உச்சி முட்டாது. மொகஞ்சதாரோவின் பெருங்குளமோ வெறும் 12 மீட்டருக்கு 7 மீட்டர்தான், ஆழம் 2.4 மீட்டர். நம் ஊர்க் கோயில் தெப்பக்குளங்களோடு ஒப்பிட்டால் சிறியது. அதன் பெருமை பரப்பில் இல்லை. நெருக்கமாக அடுக்கிய செங்கல்லிலும் நீர் கசியாதபடி பூசிய நிலக்கீலிலும் இருக்கிறது. அளவு தெரிந்த பிறகுதான் அந்தப் பெருமை எங்கே இருக்கிறது என்று விளங்குகிறது.

வகுப்பில் இதை 1:1000 மாதிரியாகச் செய்து பார்க்கலாம். 1 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர்; கணக்கு எளிது. வள்ளுவர் சிலை 4 செ.மீ., பாலம் 7.7 செ.மீ. நீளப் பட்டை, கிரேக்கப் பார்த்தினானின் மேடை 7 செ.மீ.க்கு 3.1 செ.மீ., அதன் தூண் 1 செ.மீ. பெருங்குளம் சுண்டுவிரல் நகத்தளவு. பிரமிடுக்கு 23 செ.மீ. சதுரம் வேண்டும், ஏ4 தாள் போதாது, சார்ட் அட்டை எடுங்கள். பக்க முக்கோணங்களை வெட்டும்போதுதான் பிழை நேரும். பிரமிடின் உயரம் 14.7 செ.மீ. என்பதால் முக்கோணத்தின் உயரத்தையும் 14.7 என்று வைத்து வெட்டிவிடுவார்கள். முக்கோணம் சாய்ந்து நிற்பதால் ஒட்டி முடித்ததும் பிரமிடின் உயரம் 9 செ.மீ.க்கு இறங்கிவிடும். சில பிள்ளைகள் மூன்று பக்கமும் 23 செ.மீ. என்று சமபக்க முக்கோணமாக வெட்டுவார்கள். அப்போது 16 செ.மீ.க்கு மேல் எழும்பிக் கூர்மையாகிவிடும். சரியான அளவு, அடி 23 செ.மீ., முக்கோணத்தின் உயரம் 18.6 செ.மீ. எகிப்தியர் இந்தச் சாய்வைக் கோணமானி இல்லாமலே பிடித்தார்கள். ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை அகலம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு முழம் மேலே ஏறும்போது ஐந்தரை உள்ளங்கை உள்ளே வாங்க வேண்டும். 51 பாகைக்கு மேற்பட்ட அந்தச் சாய்வு இந்த எளிய விகிதத்திலிருந்தே வருகிறது. நம் தச்சர்கள் கோலும் விரலும் கொண்டு கூரைச் சாய்வு பிடிப்பதை அறிந்த வீடுகளில் இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

குறுக்குவெட்டுப் படம் ஏன் வேண்டும் என்பதற்குப் பாந்தியனே சான்று. உள்ளிருந்து எடுத்த புகைப்படத்தில் சதுரக் குழிகளும் நடுவில் விழும் வெளிச்சமும்தான் தெரியும். வெட்டுப்படத்தில் பார்த்தால் குவிமாடம் அடியில் 6.4 மீட்டர் தடிப்பு, திறப்பருகே 1.2 மீட்டர். மேலே போகப்போகக் கலவையில் போட்ட கல்லும் இலேசாகிறது. உச்சியில் நுரைபோன்ற எரிமலைக் கல். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் நிற்கும் காரணம் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. நம் கோபுரங்களிலும் இதே அறிவு வேறு வழியில் வேலை செய்கிறது: கீழ்நிலை கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். வெளியே நின்று எடுத்த எந்தப் புகைப்படமும் இதைச் சொல்லாது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்குப் பிரான்சின் தெற்கே ரோமர்கள் கட்டிய நீர்ப்பாலமும் எளிதில் விளங்கும். மாத்தூர் பாலம் பறளியாற்றின் மேல் 115 அடி, அதாவது 35 மீட்டர் உயரத்தில் நீரைக் கடத்துகிறது. 'பான் து கார்' எனப்படும் ரோமர் பாலம் மூன்று அடுக்கு வளைவுகளில் 49 மீட்டர் உயரம், முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 50 கி.மீ. நீளமுள்ள அந்தக் கால்வாயின் மொத்த இறக்கம் 13 மீட்டருக்கும் குறைவு. பாலத்தின் மேல் நீர் இறங்குவது இரண்டரை செ.மீ. மட்டுமே. புத்தகங்கள் வளைவுகளை மாலை வெயிலில் அழகாகக் காட்டுகின்றன. நீர் ஓடுவதற்கான இறக்கத்தைக் காட்டும் நீளவெட்டுப் படம் மட்டும் இருக்காது. அந்த நீளவெட்டுப் படத்தில்தான் கட்டியவர்களின் மூளை இருக்கிறது.

படங்கள் இடவலம் மாறி அச்சாவதும் உண்டு. பக்க அமைப்பில் அழகுக்காகத் திருப்பிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நெஃபர்டிட்டி சிலையில் அவளுடைய இடது கண்ணில் கருவிழி பதிக்கப்படவில்லை. நேராகப் பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம் தெரிய வேண்டும். ஹமுராபி கல்லில் மன்னன் நம் இடப்பக்கம் நிற்கிறான், சூரியதேவன் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறான். நடராசர் வலக்காலை முயலகன்மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கியிருப்பார். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது, அல்லது அது கால் மாறி ஆடும் மதுரை வெள்ளியம்பலத்து நடராசர். எழுத்துள்ள கல்லாக இருந்தால் ஒரு கைக்கண்ணாடி போதும்.

மொழிபெயர்ப்பு நூல்களில் ஆண்டுக்கணக்குத் தடுமாறுகிறது. '4500 ஆண்டுகளுக்கு முன்' என்பது 'கி.மு. 4500' ஆகிவிடுகிறது. கூஃபு பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த ஒரு பிழையால் அது சுமார் 2,000 ஆண்டுகள் பின்னே போய்விடும். வாங்கும்முன் புத்தகத்தில் இந்த ஒரு வரியை மட்டும் சரிபார்த்தாலே மொழிபெயர்ப்பின் தரம் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, பழையது எது, பின்னால் சேர்த்தது எது என்று படம் சொல்வது. கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் இன்று நாம் பார்க்கும் சிவப்புத் தூண்களும் மாடிகளும் பெருமளவு அங்கே அகழாய்வு செய்த ஆர்தர் எவன்ஸ் 20ஆம் நூற்றாண்டில் கான்கிரீட்டால் எழுப்பியவை. புகழ்பெற்ற சுவரோவியங்கள் பலவும் சிறுசிறு துண்டுகளை வைத்து மீதியை ஊகித்து வரைந்தவை. சுமேரியாவின் 'ஊர்' என்ற நகரத்திலுள்ள சிகுராத்தின் (படிப்படியாக உயரும் கோயில் மேடை) பளிச்சென்ற முகப்பும் அண்மைக்காலச் சீரமைப்பு. நல்ல நூலில் கிடைத்த பகுதி அழுத்தமான கோட்டிலும் ஊகித்த பகுதி புள்ளிக்கோட்டிலும் இருக்கும். இதைப் பழக நமக்குச் சிதறால் மலை இருக்கிறது. பாறை முகத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் வரிசை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணப் பள்ளிக்கு உரியது. 13ஆம் நூற்றாண்டில் அது பகவதி கோயிலானது. ஒரே புகைப்படத்தில் இரண்டு காலமும் விழும். எது எந்தக் காலம் என்று படத்தின் மேலேயே எண் போட்டுக் காட்டுவதுதான் நூலாசிரியரின் வேலை. பத்மநாபபுரம் அரண்மனை போல வெவ்வேறு காலத்தில் கட்டிச் சேர்த்த தொகுதியாக இருந்தால், புகைப்படம் எடுத்த இடத்தையும் பார்த்த திசையையும் தரைப்படத்தில் அம்பால் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் பத்துப் படம் பார்த்த பிறகும் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பார்.

சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூணின் தலைக்குக் 'கேப்பிட்டல்' என்றும் அடித்தளத்துக்கு 'பேஸ்' என்றும் எழுதுகிறார்கள். அதிட்டானம் (அடித்தளம்), குமுதம் (அதில் வரும் உருண்ட வரி), போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கல்), கொடுங்கை (வளைந்த கூரை விளிம்பு), நாசிக்கூடு (அதன்மேல் வரும் லாட வடிவ அலங்காரம்) என்று நம் சிற்பிகள் இன்றும் வேலைத்தலத்தில் புழங்கும் சொற்கள் இருக்கும்போது இது தேவையில்லை. வளைவு என்ற சொல்லும் குழப்பமாகவே கையாளப்படுகிறது. ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பது உண்மை வளைவு. ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடச் சற்று முன்னே நீட்டி, இரு பக்கமும் மேலே சந்திக்கச் செய்வது வேறு. சிந்துவெளியின் வடிகால்களும் பழைய கிரேக்க நகரமான மைசீனியின் தேன்கூட்டுக் கல்லறையும் இரண்டாம் வகை. இரண்டையும் 'வளைவு' என்றே எழுதினால், ரோமர்களின் பெரும் பாலங்கள் எதனால் சாத்தியமாயின என்பது வாசகருக்குப் புரியாமலே போய்விடும்.

நம் நாட்டுக் கலையை அளந்து வரைந்து நூலாக்கியதில் தமிழ்நாட்டுக்கு முன்னோடிகள் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ், மானசாரம் முதலான சிற்ப நூல்களைச் சிற்பிகளின் துணையோடு பொருள் கண்டு எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1834இல் லண்டனில் 48 படத்தாள்களுடன் வெளிவந்தது. 1914இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், தென்னிந்தியக் கோயில்களின் காலத்தைப் போதிகையின் வடிவம் கொண்டே வரிசைப்படுத்திக் காட்டினார். பல்லவர் காலத்தில் அலை அலையான உருளைகள்; சோழர் காலத்தில் சாய்வாக வெட்டிய முகம், நடுவே முன்தள்ளிய ஒரு துண்டு; பிறகு அந்தத் துண்டு மணியாகி மொட்டாகி, விசயநகர நாயக்கர் காலத்தில் வாழைப்பூ போலக் கீழே தொங்குகிறது. நான்கு சிறு கோட்டோவியங்கள் இருந்தால் ஒரு மாணவர் எந்தக் கோயிலிலும் தலையை நிமிர்த்திப் பார்த்துக் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். பழைய தூணை எடுத்துப் புதிய மண்டபத்தில் நட்டிருப்பார்கள் என்பதால் ஒரே ஒரு போதிகையை நம்பி முடிவு கட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தரைப்படத்தை வாசிக்கக் கற்க நேரான வழி ஒன்றை வரைந்து பார்ப்பதுதான். சாலையோரக் கல்மண்டபம் ஒன்று போதும். 30 மீட்டர் நாடா, தூக்குக்குண்டு, கட்டம் போட்ட தாள். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளக்காதீர்கள். 12 தூண் வரிசையில் ஒவ்வோர் இடைவெளிக்கும் 1 செ.மீ. பிசகினால் கடைசியில் 11 செ.மீ. சேர்ந்துவிடும். நாடாவை ஒரு முனையில் பிடித்து முழு நீளத்துக்கும் விரித்துவிட்டு, ஒவ்வொரு தூணுக்கும் நேரே வரும் எண்ணை வரிசையாகக் குறியுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமாக வந்தால் மண்டபம் செவ்வகம். இல்லையென்றால் கோணல், அந்தக் கோணலை அப்படியே வரைய வேண்டும், திருத்தக் கூடாது. 1:50 விகிதத்தில் 10 மீட்டர் 20 செ.மீ. ஆகும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு தேய்ப்பதும் மை பூசிப் படியெடுப்பதும் வேண்டவே வேண்டாம். அது அனுமதி பெற்றுப் பயிற்சியுள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி புத்தகத்தின் உடம்பு. இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் இது சிறிய விஷயம் அல்ல. புத்தகத்தை நடுவில் விரித்து முதுகின் மேல்நுனியைப் பாருங்கள். மடித்த தாள்கள் கட்டுக்கட்டாக நூலால் தைக்கப்பட்டிருந்தால் வாங்கலாம். ஒற்றைத் தாள்களைப் பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் கனமான ஆர்ட் பேப்பர் சீக்கிரமே கழன்று வரும். இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தின் நடுப்பகுதியும் பசைக்குள் போய்விடும். கோட்டோவியங்கள் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாகியிருக்க வேண்டும். நான்கு வண்ணம் கலந்து அச்சிட்ட கோட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிசிறடிக்கும்; மெல்லிய கோடுகள் மங்கிப்போகும்.

பெரிய வடிவப் புத்தகங்களை நிறுத்தி வைத்தால் தாளின் கனத்தில் முதுகு கிழியும். படுக்க வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். அலமாரி சுவரிலிருந்து நான்கு விரலாவது தள்ளி நிற்கட்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். ஒழுகல் பட்டு ஆர்ட் பேப்பர் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். அந்தத் தாளின் மேல்பூச்சில் இருக்கும் களிமண்ணும் பசையும் காயும்போதுதான் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; ஒட்டிய பிறகு பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளுக்கும் இடையில் மெழுகுத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். உடனே செய்ய ஆள் இல்லையென்றால் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

செயல்திட்டத்துக்காகப் படத்தாள்களைப் பிளேடால் வெட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. போவது பெரும்பாலும் தரைப்படமும் மடிப்புத்தாளும்தான். ஒரு நூலகம் அடிக்கடி கேட்கப்படும் இருபது தரைப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துத் தனிக் கோப்பில் வைத்திருந்தால் மூலநூல் தப்பும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தொல்லியல் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கிருந்து அச்செடுக்கும்போது கணினியில் 'தாளுக்கு ஏற்ப' என்பதை விட்டு 'உண்மை அளவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் படம் சில சதவீதம் சுருங்கி, எண்ணால் எழுதிய விகிதம் மறுபடியும் பொய்யாகும்.

நூல் தேர்வுக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய நூல்கள் மேசைக்கு வரும்போது அட்டைப்படத்தை விட்டுவிட்டு ஏதேனும் ஒரு தரைப்படத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து ஒரு சுவரின் நீளத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாத புத்தகத்தைத் திருப்பி அனுப்புங்கள். பதிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: மறுபதிப்பிலாவது ஒவ்வொரு சிலையின் படத்தின் அடியிலும் உயரமும், ஒவ்வொரு கட்டடப் படத்தின் அடியிலும் ஓர் அளவுக்கோடும் போடுங்கள்.

இப்படிக்கு,
நூலக வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.